ஒரு தடவை சொன்னால் போதும்

உலகத்தில் இதுவரை நேர்ந்த தாமதங்கள் அனைத்துக்கும் ஒரே காரணம்தான்: ஒரு தடவை சொன்னதை இன்னொரு தடவை சொல்கிற மனிதர்கள். போர்கள் இழுத்துக்கொண்டே போனதும், ரயில்கள் பிந்தி வந்ததும், மனிதன் நிலாவுக்குப் போய்ச் சேர இத்தனை யுகம் பிடித்ததும் இவர்களால்தான். இந்த உண்மையைச் சாப்பாட்டு மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, தீர்ப்பு வாசிக்கும் நீதிபதியின் முகத்தோடு அறிவித்தான் முந்திரி.

"உப்பை இந்தப் பக்கம் தள்ளு மாப்ள" என்றார் அப்பா.

"உப்பு. தள்ளறேன் மச்சான்" என்றார் மாமா. தள்ளினார்.

"இதைத்தான் சொல்றேன்" என்றான் முந்திரி. "தள்ளறேன்னு சொல்ற நேரத்துல தள்ளியிருக்கலாம்."

"உன் பிரசங்கத்தைக் கேட்ட நேரத்துல நான் சாப்பிட்டுக் கையே கழுவியிருப்பேன்டா" என்றார் மாமா.

முந்திரி என்பது மாமா வைத்த பெயர். முந்திரிக்கொட்டை என்பதன் சுருக்கம். டாக்டர் சொன்ன தேதிக்கு முன்னாலேயே பிறந்தவன், நடக்கும் முன்னால் ஓடப் பார்த்தவன், அடுத்தவர் வாக்கியத்தை அவருக்கு முன்னால் முடித்து வைப்பவன். பள்ளிக்கூடப் பதிவேட்டில் வேறு ஒரு கம்பீரமான பெயர் இருந்தது. அதைக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான்.

அப்பாவும் மாமாவும் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர்கள். மாமா என்றால் அம்மாவின் தம்பி. இந்தத் தொழிலுக்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில் இருப்பார். மற்றவர் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நிற்பார், இல்லையென்றால் அடியில் குழிக்குள் இறங்கியிருப்பார். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. ஆளுக்கொரு வாக்கி-டாக்கி, அவ்வளவுதான். அதனால் அவர்களுக்குள் ஒரு வழக்கம். சொன்னதைக் கேட்டவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் "ஆமா" என்ற பிறகுதான் எதையும் தொட வேண்டும்.

அந்த வழக்கம் வேலையோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அது வேலை முடிந்ததும் கிரீஸ் படிந்த சட்டையோடு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. "ஃபேனைக் குறை." "ஃபேன். குறைக்கறேன்." "செருப்பை உள்ளே எடுத்து வை, மழை வரும்." "செருப்பு. உள்ளே. வைக்கறேன்." இரண்டு பேருக்கும் எதிலும் ஒத்துப்போகாது. டீ எவ்வளவு கொதிக்க வேண்டும் என்பதிலிருந்து யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்பதுவரை தகராறுதான். ஆனால் அந்தத் தகராறும் இதே முறைப்படிதான் நடக்கும்.

"உனக்குக் கொஞ்சம்கூட அறிவே கிடையாது மாப்ள."

"எனக்கு அறிவே கிடையாது."

"ஆமா."

"சரி, மேலே சொல்லுங்க மச்சான்."

அம்மா இதற்கு 'எதிரொலிக் கம்பெனி' என்று பெயர் வைத்திருந்தாள். கம்பெனியின் அலுவலகம் சாப்பாட்டு மேசையின் ஒரு முனை. தொலைபேசி, அதைத் துடைக்க ஒரு துணி, அம்மா. லிஃப்ட் நின்றுவிட்டது என்று யாராவது கூப்பிட்டால் அவள்தான் பேசுவாள். "மூணாவது மாடி, கதவு மூட மாட்டேங்குது, உள்ளே யாரும் மாட்டலை. சரிதானே?" என்று அவளும் திருப்பிச் சொல்லுவாள். ஆக, அந்த வீட்டில் எந்த வாக்கியமும் ஒற்றையாக வாழ்ந்ததில்லை. எல்லாம் ஜோடியாகத்தான் திரிந்தன.

இப்படிப்பட்ட வீட்டில் ஒரு தடவை சொன்னால் புரிந்துகொள்கிற ஒரே ஆள் தான்தான் என்பது முந்திரியின் தீராத பெருமை. கணக்கில், இயற்பியலில், மொழிப்பாடத்தில் எல்லாம் அவன் மதிப்பெண்கள் மேல்மாடியில் குடியிருந்தன. வேதியியல் மட்டும் தரைத்தளத்துக்கும் முதல் மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டு நின்றது.

இதற்கும் அவனிடம் ஒரு தத்துவம் இருந்தது. வேதியியல் ஒரு பாடமே அல்ல, அது ஒரு வதந்தி.

"யாராவது ஒரு எலக்ட்ரானை நேர்ல பாத்திருக்காங்களா?" என்று கேட்பான்.

"பிசிக்ஸ்லயும்தானேடா எலக்ட்ரான் வருது?" என்பார் மாமா.

"அங்கே அது ஒழுங்கா நடந்துக்குது மாமா. இங்கே வந்தா இன்னொருத்தன் வீட்டுல போய் ஒட்டிக்குது."

"நான்கூட அக்கா வீட்டுலதான் ஒட்டிக்கிட்டிருக்கேன். என்னையும் வதந்திம்பியா?"

வாய் இப்படிப் பேசினாலும் வயிறு வேறு மாதிரி பேசிக்கொண்டிருந்தது. அவன் மூன்று கல்லூரிகளுக்கு விண்ணப்பித்திருந்தான். எல்லாம் பொறுக்கியெடுத்துச் சேர்க்கிற கல்லூரிகள். முதல் இரண்டு, மன்னிக்கவும் என்ற வார்த்தையை மிக அழகான எழுத்தில் அச்சடித்து அனுப்பிவிட்டன. மூன்றாவதுதான் அவன் உண்மையில் ஆசைப்பட்டது. பெரிய இயற்பியல் ஆய்வகம் உள்ள கல்லூரி. அந்தப் பக்கம் போகும் பஸ்ஸில் வேலையில்லாமல் ஏறி, அந்தக் கட்டடத்தைத் தாண்டும்வரை ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தே வீடு திரும்பியிருக்கிறான். இதை யாருக்கும் சொன்னதில்லை. பல் தேய்க்கும்போது, சட்டைக்குப் பொத்தான் போடும்போது, வேதியியலில் இன்னும் எவ்வளவு வாங்கினால் சராசரி எங்கே போய் நிற்கும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு தானாக ஓடிக்கொண்டே இருந்தது. கணக்கு சரியாகத்தான் வந்தது. விடைதான் பிடிக்கவில்லை.

அம்மாவின் கவலையில் ஒளிவுமறைவு கிடையாது. அது தொலைபேசி வழியாக ஊருக்கே விநியோகமானது.

"உங்க லிஃப்ட் நாளைக்குச் சரியாயிடும் சார். எங்க பையனுக்குத்தான் கெமிஸ்ட்ரி சரியாக மாட்டேங்குது."

"அம்மா!"

"என்னடா? அவர் பொண்ணு டாக்டருக்குப் படிக்குது. ஏதாவது வழி சொல்வாரு."

அந்த மூன்றாவது கல்லூரிக்கு ஒரு வழக்கம் இருந்தது. எல்லாப் பாடத்திலும் நன்றாக வாங்கி ஒன்றில் மட்டும் சறுக்கியவர்களை அப்படியே தள்ளிவிடாமல், நேரில் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். அவனையும் கூப்பிட்டார்கள். அன்றிலிருந்து முந்திரி ஒரு உரை தயாரிக்கத் தொடங்கினான். வேதியியல் ஏன் குறைந்தது என்று கேட்பார்கள். கேட்காமல் இருக்க முடியாது. அதற்குப் பதில் இப்படித் தொடங்கும்: "மேதைகளின் வரலாற்றைப் பார்த்தால், ஒவ்வொருவருக்கும் ஒரு பாடம் பகையாக இருந்திருக்கிறது." குளியலறைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தான். கண்ணாடிக்கு மிகவும் பிடித்திருந்தது.

இதற்கு நடுவில் மாமா விழுந்தார். லிஃப்ட் கூரைமேல் நின்று தலைமுடி நரைத்த மனிதர், வீட்டில் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறி விழுந்தார். தோள்பட்டை நழுவிவிட்டது. வலது கையைத் துணியில் தொங்கப் போட்டுக்கொண்டு, ஸ்டூல் தயாரிப்பாளர்களின் ஒழுக்கத்தைப் பற்றி நாளெல்லாம் பேசிக்கொண்டிருந்தார்.

வேலை காத்திருக்குமா? ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடிக் கதவு மூடாமல் அடம்பிடித்தது. பள்ளிக்கூடம் படிப்பதற்காக விட்ட விடுமுறையில் முந்திரி வீட்டில்தான் இருந்தான்.

"ஒரு நாள் வா" என்றார் அப்பா. "மோட்டார் ரூம்ல நின்னு சொல்றதைச் செஞ்சா போதும்."

"ஒரு தடவை சொன்னா போதும்" என்றான் முந்திரி.

மோட்டார் அறை என்பது மொட்டைமாடியில் ஒரு சின்னக் கூண்டு. உள்ளே வெயில் தனியாகச் சமைத்துக்கொண்டிருந்தது. நடுவில் மோட்டார், அதன்மேல் பெரிய சக்கரம். எண்ணெய் படிந்த கம்பிவடங்கள் அதைச் சுற்றிக்கொண்டு தரையிலுள்ள துளைகள் வழியாக இருட்டுக்குள் இறங்கின. கரண்டை அணைத்துவிட்டு, ஒரு கையால் பிரேக் நெம்புகோலைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் கைச்சக்கரத்தைச் சுற்றினால் பெட்டி கொஞ்சம் கொஞ்சமாக நகரும். மூன்றாவது மாடிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பா பெட்டியின் கூரைமேல் நின்றிருந்தார். துளை வழியாகப் பார்த்தால் அவருடைய டார்ச் வெளிச்சம் மட்டும் ஆழத்தில் அசைந்தது.

"மெயினை அணை" என்றது வாக்கி-டாக்கி.

"சரி" என்றான் முந்திரி.

வாக்கி-டாக்கி கரகரத்தது. பிறகு, "என்ன சரி?"

"நீங்க சொன்னது சரி."

"நான் என்ன சொன்னேன்?"

"மெயினை அணைக்கச் சொன்னீங்க."

"அதைத் திருப்பிச் சொல்லு."

"இப்பத்தானேப்பா சொன்னேன்?"

"அது நான் கேட்ட கேள்விக்குப் பதில். திருப்பிச் சொல்றது வேற."

முந்திரி பிரேக் நெம்பைப் பார்த்தான். பிரேக் நெம்புக்கு இதில் கருத்து எதுவும் இல்லை. "மெயின். அணைக்கறேன்" என்று, கிளி பேசுகிற மாதிரி மூக்கால் சொன்னான்.

"ஆமா" என்றார் அப்பா. கேலி அவருக்கு உறைத்ததாகத் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் இப்படியே போனது. அப்பா சொல்வார், முந்திரி "சரி" என்பான், அப்பா காத்திருப்பார், முந்திரி கிளியாவான். வெயில் ஏற ஏற அப்பாவுக்குக் காத்திருக்கும் பொறுமை குறைந்தது. கதவின் உருளை வேறு கழலாமல் மல்லுக்கட்டியது. எப்போதோ ஒரு "சரி"க்குப் பிறகு அவர் காத்திருக்காமல் அடுத்ததைச் சொல்லிவிட்டார். முந்திரி அதைக் கவனித்தான். நூற்றாண்டுக்கால மூடநம்பிக்கை ஒன்றைத் தனி ஆளாக ஒழித்துவிட்ட திருப்தியோடு சக்கரத்தில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

"இன்னும் கொஞ்சம் கீழே இறக்கணும்" என்றது வாக்கி-டாக்கி.

முந்திரிக்கு ஒரு தடவை சொன்னால் போதும். பாதி சொன்னாலும் போதும். நெம்பைத் தூக்கினான், சக்கரத்தைச் சுற்றினான்.

"...அதுக்கு முன்னாடி இந்த டூல்ஸ் பெட்டியை..." என்று குரல் தொடர்ந்தது, அங்கேயே அறுந்தது.

டூல்ஸ் பெட்டி பாதி மூன்றாவது மாடி வாசற்படியிலும் பாதி லிஃப்ட் கூரையிலுமாக உட்கார்ந்திருந்தது. அப்பா கைக்கு எட்டும் வசதிக்காக அப்படி வைத்திருந்தார். கூரை இறங்கியதும் அது தலை சாய்ந்தது. முதலில் ஒரு சத்தம். பிறகு ஸ்பேனர்கள் ஒவ்வொன்றாகக் கூரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்தில் நழுவி, ஒவ்வொரு மாடியிலும் ஒரு தடவை மோதி, மணியடித்துக்கொண்டே கீழே போயின. மேலே மோட்டார் அறையில், கம்பிவடத் துளைகள் வழியாக, அத்தனையும் துல்லியமாகக் கேட்டது. கடைசியாக ஏதோ ஒன்று குழியின் அடியில் விழுந்து உருண்டு நின்றது.

முந்திரி நெம்பை விட்டான். பிரேக் பிடித்தது.

"அப்பா?" என்றான் வாக்கி-டாக்கியில்.

பதில் வரவில்லை. துளையில் கண் வைத்தான். டார்ச் வெளிச்சம் இல்லை.

"அப்பா? அப்பா!"

அவன் குரல் எங்கோ அடியிலிருந்து, கிணற்றுக்குள் விழுந்த ஆளின் குரல் மாதிரி, அவனுக்கே திரும்பி வந்தது. அப்பாவின் வாக்கி-டாக்கியும் கீழே விழுந்துவிட்டது, குழியிலிருந்து அதுதான் அவன் குரலில் கத்துகிறது என்பது அவனுக்குப் புரியவில்லை. எதுவும் புரியவில்லை. படிக்கட்டில் இறங்கினான். இறங்கினான் என்பது மரியாதைக்குச் சொல்வது. படிகள் அவனைக் கீழே கொட்டின.

மூன்றாவது மாடியில், திறந்திருந்த லிஃப்ட் கதவுக்கு முன்னால், அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். வலது கையை முகத்துக்கு நேரே பிடித்து விரல்களை மடக்கி, விரித்து, மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் எல்லாம் இருந்தன.

"பெட்டி விழுறப்ப புடிக்கக் கையை விட்டேன்" என்றார், யாரோ ஒருவருக்கு நடந்ததைச் சொல்வது மாதிரி. "அப்புறம் வேணாம்னு எடுத்துட்டேன்."

அந்தச் சந்தின் அகலத்தை முந்திரி பார்த்தான். பிறகு அப்பாவின் கையைப் பார்த்தான். 

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. கையில் காய் நறுக்கும் கத்தியோடு ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தாள். "என்னங்க அது சத்தம்? லிஃப்ட் ஓட ஆரம்பிச்சுடுச்சா?"

"இன்னும் இல்லைங்க" என்றார் அப்பா. "ஸ்பேனர் எல்லாம் கீழே போயிருக்கு."

"லிஃப்ட் இல்லாமயேவா?"

"ஆமாங்க. அவசரம் அதுக்கு."

அந்த அம்மாள் போனதும் அப்பா எழுந்து கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். முந்திரி திட்டுக்காகக் காத்திருந்தான். திட்டு வரவில்லை. "பெட்டியை நான்தான் அங்கே வச்சிருக்கக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் மாமாவுக்கு போன் செய்தார்.

மாமா தொங்கும் கையோடு டாக்ஸியில் வந்தார். குழியிலிருந்து பொறுக்கியெடுத்த ஸ்பேனர்களை ஒரு பார்வை பார்த்தார், முந்திரியை ஒரு பார்வை பார்த்தார், மாடியேறினார். மாமாவின் கேலியில்லாத பார்வை முந்திரிக்குப் புது அனுபவம். பிடிக்கவில்லை.

மீதி வேலை இப்படி நடந்தது. மோட்டார் அறையில் மாமா ஒரு பழைய பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். சக்கரம் சுற்ற அவருக்குக் கை இல்லை. சுற்றக் கை இருந்த முந்திரிக்கு வாய் இல்லை.

"கால் சுத்து, கீழே" என்று அப்பாவின் குரல் வரும்.

"கால் சுத்து. கீழே. சுத்தறோம்" என்பார் மாமா.

"ஆமா."

மாமா முகவாயால் ஜாடை காட்டுவார். முந்திரி சுற்றுவான். வாய் மாமாவுடையது, கை முந்திரியுடையது. இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு முழு மெக்கானிக் கிடைத்தார். அந்தச் 'சுத்தறோம்' என்ற பன்மையில் தானும் அடக்கம் என்பது முந்திரிக்குக் கொஞ்சம் அவமானமாகவும், கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. எது எவ்வளவு என்று அவன் கணக்குப் போடவில்லை.

கதவு மூடியது. லிஃப்ட் ஓடியது. எதிர் வீட்டு அம்மாள் ஏறி இறங்கிப் பார்த்து, "முன்னைவிடச் சத்தம் கம்மி" என்று சான்றிதழ் கொடுத்தாள்.

வீட்டில் அப்பா அம்மாவிடம், "டூல்ஸ் விழுந்துடுச்சு" என்றார். விரல் பற்றி எதுவும் சொல்லவில்லை. அம்மா, "டூல்ஸ் விழுந்துடுச்சா" என்று திருப்பிச் சொன்னாள். ஏதோ ஒன்று மீதமிருப்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தொலைபேசி துடைக்கும் துணியால், ஏற்கெனவே துடைத்திருந்த மேசையை இன்னொரு தடவை துடைத்தாள்.

நேர்காணலுக்கு முந்தின வாரம் அம்மா வேதியியல் புத்தகத்தைக் கையில் எடுத்தாள். தொலைபேசிகளுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில் கேள்வி கேட்பது என்று ஏற்பாடு.

"எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. அச்சடிச்சதை வாசிப்பேன், பின்னாடி பாத்து விடை சரியான்னு சொல்வேன். சரியா? கீழே உள்ளவற்றில் நீரில் கரை..."

"சோடியம் குளோரைடு!"

"...யாததுன்னு போட்டிருக்கேடா."

 முந்திரிக்குள் எங்கோ ஆழத்தில் ஒரு ஸ்பேனர், முதல் மாடிச் சுவரில் மோதியது.

"அடுத்தது கேளுங்க" என்றான்.

"வெப்பத்தை வெளிவிடும் வினைக்கு எடுத்துக்காட்டு..."

"எரிதல்!"

"...அல்லாத ஒன்றைக் கூறி, காரணம் தருக. நான் இன்னும் மூச்சே விடலை முந்திரி. போன்ல ஆளுங்க இப்படித்தான் பண்ணுவாங்க. மூணாவது மாடின்னு நான் சொல்றதுக்குள்ள சரிம்பாங்க. அவங்க இருக்கிறது ஆறாவது மாடியா இருக்கும்."

அவன் அம்மாவிடமிருந்து புத்தகத்தை வாங்கிக்கொள்ளவில்லை. நாற்காலியை மேசைக்கு அருகில் இழுத்துப் போட்டு, உதடுகளை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்தான். அம்மா கேள்வியை முடிக்கும்வரை அப்படியே இருந்தான்.

"என்னடா, வாயை மூடிக்கிட்டுக் கேக்கற?" என்றார் சோபாவிலிருந்து மாமா. "ஜுரம் கிரம் இருக்கா?"

கேள்வியை முழுதாகக் கேட்டபோது அதுவரை தப்பாகப் போய்க்கொண்டிருந்த விடைகளில் கணிசமானவை வீடு திரும்பின. அவசரம் ஒன்றுதான் காரணம், மற்றபடி தான் மேதைதான் என்று ஒரு மாலைப்பொழுது முழுக்க அவன் மகிழ்ச்சியாக இருந்தான். மறுநாள் அந்த மகிழ்ச்சியும் போனது. மீதி விடைகள் தப்பாகப் போனதற்கான காரணம் மிக எளிமையானது. அவனுக்கு வேதியியல் தெரியவில்லை.

குறிப்பாக, சமநிலை என்ற பாடம். இரண்டு பொருள்கள் சேர்ந்து மூன்றாவதாக மாறிக்கொண்டே போகும். போகிற போக்கில், எல்லாம் மாறி முடிப்பதற்கு முன்னாலேயே, மாற்றம் நின்றுவிட்ட மாதிரி ஆகிவிடும். ஏன் நிற்க வேண்டும்? யார் நிறுத்தினார்கள்?

"முழுசா மாற வேண்டியதுதானே? ஏன் பாதியில நிக்கணும்?" என்றான்.

"பிரேக் புடிச்சிருக்கும்" என்றார் மாமா.

"கரண்ட் போயிருக்கும்" என்றார் அப்பா.

இதை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சாப்பாடு ஆறும்வரை சண்டை போட்டார்கள். முந்திரி புத்தகத்தில் அந்தப் பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்தான். ஒரு தடவை படித்தால் போதும் என்று யாரிடமும் சொல்லவில்லை. நின்ற மாதிரி தெரிந்தாலும் உள்ளே இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்று புத்தகம் சொன்னது. அந்த வாக்கியம் புரிந்தது. ஆனால் அதற்கு அடுத்த வாக்கியம் அவனை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

நேர்காணல் அன்று அப்பா, மாமா, முந்திரி மூன்று பேருமாகக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்கள். அம்மா தொலைபேசியை விட்டு வர முடியாதென்று, வாசல்வரை வந்து சட்டைக் காலரைச் சரிசெய்து அனுப்பிவிட்டாள். கல்லூரியில் நுழைந்ததும் அப்பாவும் மாமாவும் முதலில் பார்த்தது லிஃப்டைத்தான்.

"கதவு இழுக்குது" என்றார் அப்பா.

"இழுக்கலை. உருளை தேஞ்சிருக்கு" என்றார் மாமா.

அவர்களை அந்தத் தகராறோடு விட்டுவிட்டு முந்திரி படியேறினான். நீண்ட தாழ்வாரம். பெஞ்சில் அவனைப் போலவே ஒரு பாடத்தில் சறுக்கியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் உதடுகளும் லேசாக அசைந்துகொண்டிருந்தன. ஆளுக்கொரு உரை. பக்கத்திலிருந்த பெண்ணின் உதட்டில் 'மேதைகளின்' என்ற வார்த்தை ஓடுவதைப் பார்த்ததும் அவன் பெஞ்சின் மறு முனைக்கு நகர்ந்து உட்கார்ந்தான்.

உள்ளே மூன்று பேர். நடுவில் நரைத்த மீசையோடு தலைவர். ஒரு பக்கம், தூக்கத்தை மரியாதையாக மறைத்துக்கொண்ட ஓர் இளம் ஆசிரியர். மறுபக்கம், பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்த ஓர் அம்மையார். அவர்தான் வேதியியல் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் முந்திரியின் முதுகெலும்புக்குத் தெரிந்தது.

"உட்காருப்பா" என்றார் தலைவர். "மத்த பாடத்துல எல்லாம் ரொம்ப நல்லா வாங்கியிருக்க. வேதியியல்ல மட்டும் இப்படி. இதுக்குக் காரணம் என்னன்னு..."

உரை எழுந்து நின்றது. 'மேதைகளின்' என்ற சொல் பல்லைத் தாண்டி உதடுவரை வந்துவிட்டது. மனசுக்குள் அவன் கை பிரேக் நெம்பில் இருந்தது. முந்திரி நெம்பை விட்டான். உதடு மூடிக்கொண்டது.

"...நாங்க யாரையும் கேக்கறதில்லை" என்று முடித்தார் தலைவர். "எல்லாரும் ஒரு கதை தயார் பண்ணிட்டு வந்துடறாங்க. காலையில இருந்து மேதைகளைப் பத்திக் கேட்டுக் காது வலிக்குது. மேடம் ஒரே ஒரு கேள்வி கேப்பாங்க. அவ்வளவுதான்."

அம்மையார் பேனாவை மூடினார்.

"வேதியியல்ல உனக்குப் புரியாத ஒரு விஷயத்தைச் சொல்லு" என்றார். "புரிஞ்சது வேண்டாம். எது வரைக்கும் புரியுது, எந்த இடத்துல நிக்குதுன்னு சொல்லு."

அந்த அறையில் கடிகாரம் இருந்தது. ஓடியது. முந்திரிக்கு மேலே எதுவும் தெரியவில்லை, கீழேயும் எதுவும் தெரியவில்லை. எதிரிலிருந்த மூன்று பேரும் அவன் ஏதாவது பேசுவான் என்று பார்த்தார்கள். தூங்கிய ஆசிரியர்கூடப் பார்த்தார்.

"எனக்குப் புரியாத ஒண்ணு" என்றான் முந்திரி, மெதுவாக. மூக்கால் இல்லை, கிளியாக இல்லை. "புரிஞ்சது வேண்டாம். எது வரைக்கும் புரியுது, எங்கே நிக்குது."

நிறுத்தினான். அம்மையாரைப் பார்த்தான். காத்திருந்தான்.

அவர் கொஞ்சம் ஆச்சரியப்பட்ட மாதிரி புருவத்தைத் தூக்கினார்.

"ஆமா" என்றார்.

"சொல்றேன்" என்றான் முந்திரி.